நோட்டீஸ் யாருக்கு

ராஜினாமாக் கடிதத்தை வாங்கிப் படித்ததும் ஹெச்.ஆர். மேலாளர் சிரித்தார். அந்த ஆஸ்பத்திரியில் அவருக்குச் ‘சிரிப்பு மேடம்’ என்றுதான் பெயர். நல்ல சேதி சொல்லும்போது உதட்டோரத்தில் லேசாகச் சிரிப்பார். வயிற்றில் அடிக்கிற சேதி என்றால் பல் வரிசை மொத்தமும் தெரியும். அன்றைக்குக் கடைவாய்ப் பல் வரை தெரிந்தது.

“உக்காரும்மா.”

“பரவால்ல மேடம். கீழ மெஷின் ஓடிக்கிட்டிருக்கு.”

கீழே என்றால் தரைத்தளத்து டயாலிசிஸ் பிரிவு. அங்கே நர்ஸாக இருக்கும் அவளுக்கும் ஒரு பெயர் உண்டு. மொளகா. நோயாளிகள் வைத்தது. “இந்தப் பொண்ணு போடற ஊசிகூட வலிக்கல, பேச்சுதான் சுரீர்ங்குது” என்று யாரோ சொல்லப்போக, அதுவே ஒட்டிக்கொண்டது. காதுபடவே கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

“அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி வேற எடத்துல சேரணும்னு எழுதியிருக்கே. இங்க பெர்மனென்ட் ஸ்டாஃபுக்கு மூணு மாசம் நோட்டீஸ். தெரியுமில்ல?”

“தெரியும் மேடம். ஒரு மாசத்துல விடுங்கன்னு கேட்டுத்தான் எழுதியிருக்கேன்.”

“எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க.” சிரிப்பு மேடம் கடிதத்தை மேசைமேல் குப்புறப் போட்டார். “இது துணிக்கடை இல்லம்மா, ஆள் வரலேன்னா ஷட்டர இழுத்துவிட்டுட்டுப் போறதுக்கு. உயிர் சமாச்சாரம். மூணு மாசம்னு எதுக்கு வச்சிருக்கோம்? நோயாளிங்க பாதுகாப்புக்கு.”

நோயாளிகள் பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் மொளகாவுக்குக் காது சூடானது. அவள் கிளம்புவதே அந்தப் பாதுகாப்பு இல்லாததால்தான். ஒரு நர்ஸுக்கு ஆறு மெஷின். போன மழைக்காலத்தில் ஒருநாள் இரண்டு மெஷின்கள் ஒரே நேரத்தில் அலறின. இந்தப் பக்கம் ஒன்றை அமர்த்தி அந்தப் பக்கம் இன்னொன்றை அமர்த்திவிட்டுத் திரும்பினால், மூலைக் கட்டிலில் ஒருவர் சத்தமே இல்லாமல் வெளுத்துப்போய்க் கிடந்தார். மெஷினுக்கு அலாரம் உண்டு, மயக்கத்துக்கு இல்லை. காலைத் தூக்கிப் பிடித்து, உப்புநீரை ஏற்றி, அவரை மீட்டெடுத்தாள். அதன்பிறகு ஆள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். அதுவும் முடியாதென்றால் மூலைக் கட்டிலையாவது நர்ஸ் மேசைக்கு எதிரே நகர்த்துங்கள் என்று எழுதிக் கொடுத்தாள். ‘எல்லா இடத்திலும் இப்படித்தான்’ என்று பதில் வந்தது. எல்லா இடத்திலும் இப்படித்தானா என்று தேடியபோது ஒரு இடம் அகப்பட்டது. அங்கே ஒரு நர்ஸுக்கு மூன்று மெஷின். நேர்காணலில் அதைக் கேட்டபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மனுஷி இதற்கெல்லாமா அழுவாள் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

“நாளைக்கே நின்னுட்டா என்ன பண்ணுவீங்க?”

“நான் என்னம்மா பண்ணப் போறேன். போலாம், யார் கைய யார் புடிக்கறா. ரிலீவிங் ஆர்டர் வராது, அனுபவச் சான்று வராது. அது இல்லாம அங்க வாசல்ல விட மாட்டாங்க. அவங்க ஹெச்.ஆரும் நானும் ஒரே வாட்ஸப் குரூப்புலதான் இருக்கோம்.”

“மூணு மாசத்துக்கு அந்த எடம் காத்திருக்காது மேடம்.”

“புரொபேஷன்ல இருந்தீன்னா இந்தத் தொல்ல இல்ல. அவங்களுக்கு ஒரே நாள் நோட்டீஸ், ரெண்டு பக்கமும். நீதான் பெர்மனென்ட் ஆயிட்டியே.”

ஆமாம், ஆயிருந்தாள். அந்த ஆர்டர் வந்த அன்று அவள் அம்மா தெரு முழுக்க இனிப்பு கொடுத்தாள். காலில் விலங்கு பூட்டியதற்கு இனிப்பு வழங்கிய குடும்பம் உலகத்திலேயே அவர்களுடையதாகத்தான் இருக்கும்.

“ஒண்ணு பண்றேன்,” என்றார் சிரிப்பு மேடம். “உன் எடத்துக்குப் புதுசா ஒரு பொண்ண எடுத்து அனுப்பறேன். நீ பழக்கு. அவ தேறிட்டான்னா, ஒரு மாசத்துல விடறதப் பத்தி யோசிக்கலாம்.”

அந்த ஆஸ்பத்திரியில் ‘யோசிக்கலாம்’ என்று சொல்லப்பட்ட காரியங்கள் எல்லாம் இன்னும் யோசனையில்தான் இருந்தன. இருந்தும் அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். கீழே ஒரு மெஷின் அலறுவது மாடிப்படிவரை கேட்டது.

*

வீட்டில் அம்மா ஊரார் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் பிழைப்பு. அப்பா ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் காவல் வேலை பார்ப்பவர். டியூட்டிக்குக் கிளம்புமுன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“வேலைய விடறேன்னு எழுதிக் குடுத்துட்டேன்,” என்றாள்.

இஸ்திரிப் பெட்டி நின்றது. கருகும் வாசம் வந்த பிறகுதான் அம்மா அதைத் தூக்கி நிறுத்தினாள்.

“பெர்மனென்ட் வேலையவா?”

“வேற வேல கெடச்சிருக்கும்மா. இதவிட நல்லது.”

“அது பெர்மனென்டா?”

“ஆறு மாசம் பாத்துட்டுத்தான் பண்ணுவாங்க.”

“பறக்கறதுக்கு ஆசப்பட்டு இருக்கறத விடாதடி. ஆறு மாசம் கழிச்சுப் போயிட்டு வான்னா என்ன பண்ணுவ? மறுபடி அந்தச் சிரிக்கிற பொம்பள காலப் போயிப் புடிப்பியா?”

“அதுக்கு மொதல்ல இவங்க விடணுமே. மூணு மாசம் நோட்டீஸ் குடுக்கணுமாம்.”

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். அவருக்கு இந்தப் பேச்சே வேடிக்கையாக இருந்தது.

“வேலைய விடறதுன்னா எப்படிப் பாப்பா? நம்ம வகையில யாரும் வேலைய விட்டதில்ல. வேலதான் நம்மள விட்டுச்சு.”

அவரை விட்ட வேலை மில் வேலை. ஒருநாள் காலையில் வழக்கம்போலச் சாப்பாட்டுத் தூக்கோடு போனார். கேட்டில் பூட்டு. மற்ற ஆட்களோடு சேர்ந்து கேட்டுக்கு வெளியிலேயே உட்கார்ந்து, கொண்டுபோனதைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

“உங்களுக்கு எத்தன நாள் நோட்டீஸ் குடுத்தாங்க?”

“பூட்டு தொங்குச்சே, அதான் நோட்டீஸ்.”

மொளகாவுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அவர்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். ராப்பகலாகப் படித்தாள். படித்து வாங்கிய உயர்வு இதுதான்: அப்பாவை ஒரே காலையில் வெளியே தள்ள முடிந்தது, அவள் வெளியே போக மூன்று மாதம் முன்னால் உத்தரவு கேட்க வேண்டும்.

*

நோயாளிகளிடம் அவள் மறுநாளே சொல்லிவிட்டாள். அவர்களும் ஆஸ்பத்திரி ஆட்கள் மாதிரிதான். வாரத்துக்கு மூன்று முறை அதே கட்டில், அதே மெஷின், அதே நாலு மணி நேரம். ரத்தம் ஒரு குழாய் வழியே போய்ச் சுத்தமாகி இன்னொரு குழாய் வழியே திரும்பி வரும்வரை பேசுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வேலை இல்லை.

“ஒரு மாசத்துல போறேன். விடலேன்னா மூணு மாசத்துல. எதுன்னு தெரியல.”

மூன்றாம் கட்டிலில் இருந்த டெய்லர் கண்ணைத் திறந்தார். அறுபது வயது, ஒல்லி உடம்பு, ஓயாத வாய்.

“என் கிட்னி ரெண்டும் ஒரு வார்த்த சொல்லாம போச்சும்மா. நீயாவது சொல்லிட்டுப் போறியே.”

“அதெல்லாம் சொல்லியிருக்கும்,” என்றார் பக்கத்துக் கட்டிலில் இருந்த டீச்சரம்மா. “கால் வீங்குச்சில்ல? மூஞ்சி உப்புச்சில்ல? அதெல்லாம் நோட்டீஸ்தான். நீங்கதான் படிக்கல.”

“பாத்தியா மொளகா, படுத்துக்கிட்டே பேப்பர் திருத்தறாங்க.”

“இன்னிக்கு உங்க எடை ஏன் இவ்ளோ கூடியிருக்கு?” என்றாள் மொளகா. “அளவுக்கு மேல தண்ணி குடிச்சீங்களா?”

“நாக்க நனைச்சேன்.”

“உங்க நாக்கு என்ன, குளமா?”

டீச்சரம்மா தன் மெஷின் குலுங்கும் அளவுக்குச் சிரித்தார். பிறகு டெய்லர் மெல்லிய குரலில் கேட்டார்.

“நீ போனா எங்கையில யாரு குத்தறது?”

கேள்வி அதுதான். டெய்லரின் இடக்கையில், ஊசி போடுவதற்காக ஆபரேஷன் செய்து பெருக்கவைத்த ரத்தக்குழாய் நேராக ஓடாது. முழங்கைக்குக் கீழே பாம்பு மாதிரி வளைந்து திரும்பும். மயிரிழை தப்பினாலும் ஊசி மறுபக்கம் பொத்துக்கொண்டு கை முழுக்க நீலம் பாரித்துவிடும். அந்தக் கையைத் தைரியமாகத் தொடக்கூடிய ஒரே ஆள் மொளகா. அவள் விடுப்பில் போனால் டெய்லர் டயாலிசிஸையே ஒருநாள் தள்ளிப்போடுவார்.

“பழக்கிட்டுத்தான் போவேன்,” என்றாள். வாய் தவறி வந்துவிட்டது. வந்தபிறகு அது வாக்கு.

புதிதாக வந்த பெண்ணுக்கு டெய்லர் முதல் நாளே ‘புதுசு’ என்று பெயர் வைத்துவிட்டார். நர்ஸிங் முடித்த ஈரம் காயாத பெண். மெஷின் அலறினால் மெஷினைவிட அதிகமாக நடுங்கினாள்.

“கைய வச்சுப் பாரு. என்ன தெரியுது?” என்றாள் மொளகா.

“ஏதோ அதிருது அக்கா.”

“எப்படி அதிருது?”

“பூன மடியில படுத்து உறுமற மாதிரி.”

“அந்த உறுமல் எங்க போகுதோ அங்க விரல் போகட்டும். கண்ண நம்பாத. கண்ணு நேரா ஓடும், குழாய் வளைஞ்சு ஓடும்.”

மற்றவர்கள் கையில் எல்லாம் ஊசி போட்டுப் பழகிய பிறகுதான் டெய்லரின் கையைக் கொடுத்தாள். முதல் ஊசி பொத்துக்கொண்டது. தோலுக்கடியில் நீலம் வேகமாகப் பரவியது. மொளகா அழுத்திப் பிடித்துக்கொண்டாள். புதுசுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

“அழுதா கண்ணு மங்கும், மங்கினா அடுத்த ஊசியும் தப்பும். வீட்டுல போயி அழு.”

“ஏன் அந்தப் புள்ளைய வையற,” என்றார் டெய்லர். வலியில் அவர் உதடு வெளுத்திருந்தது. “மொத சட்டையில யாரும் கழுத்த ஒழுங்கா வெட்டினதில்ல. நான் வெட்டின மொத சட்டையில தலையே நொழையல.”

அடுத்தடுத்த தடவைகளில் கழுத்து சரியாக அமைந்தது. ஒருநாள் புதுசு ஊசியைப் போட்டு முடித்துப் பிளாஸ்திரியும் ஒட்டிய பிறகுதான் டெய்லர் கேட்டார்: “எப்பம்மா குத்தப் போற?”

அன்றே மொளகா மாடிக்குப் போனாள். சிரிப்பு மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“பிரமாதம். ரொம்ப நல்லா பழக்கிட்டே. இவ்வளவு நல்லா பழக்கற ஆள எப்படிம்மா விடறது?”

பழக்காவிட்டால் பழக்கவில்லை என்று விடமாட்டார்கள். பழக்கினால் நன்றாகப் பழக்குகிறாள் என்று விடமாட்டார்கள். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கை அது. மொளகா ஒன்றும் பேசாமல் இறங்கி வந்தாள். அவள் பேசாமல் வந்ததைப் பார்த்து டீச்சரம்மா பயந்துபோனார்.

*

அந்த வாரம்தான் பிரிவின் இன்சார்ஜ் சிஸ்டர் போனார். போனார் என்பது மரியாதைக்கு. வெளியிலிருந்து வந்து சேர்ந்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது, புரொபேஷன் முடியவில்லை. ஆய்வுக் குழு வரப்போகிறது, அதற்குள் இன்னும் ஒரு நர்ஸாவது வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னார். மறுநாள் காலை ‘பணி திருப்தியில்லை’ என்று ஒரு தாள் கொடுத்தார்கள். சாயங்காலம் அவர் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நோயாளிகள் பாதுகாப்புக்கு மூன்று மாத நோட்டீஸ் அவசியம் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம்.

ஆனால் ஆய்வுக் குழு வரும்போது நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. அனுபவமுள்ள இன்சார்ஜ் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். சிரிப்பு மேடம் மொளகாவைக் கூப்பிட்டனுப்பினார். இந்த முறை சிரிப்பு உதட்டோரத்தில் மட்டும் இருந்தது. நல்ல சேதி.

“உன்ன இன்சார்ஜ் ஆக்கலாம்னு மேல பேசிட்டேன். இந்த வயசுல யாருக்கும் குடுத்ததில்ல. அந்த ராஜினாமாவ வாபஸ் வாங்கிட்டீன்னா, நாளைக்கே ஆர்டர்.”

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது தண்ணீர் பாட்டிலோடு வாசல் படியிறங்கிய இன்சார்ஜ் சிஸ்டரின் முதுகு நினைவுக்கு வந்தது.

“இதுக்கும் புரொபேஷன் உண்டா மேடம்?”

“அது சம்பிரதாயம்மா. புதுப் பதவின்னா புதுசா ஆறு மாசம், எல்லாருக்கும் உள்ளதுதான். பயப்படாத, உன்ன யாரு அனுப்பப் போறா.”

“இல்ல, சும்மா கேட்டேன்.”

மொளகா சிரித்துக்கொண்டே அங்கேயே வாபஸ் கடிதம் எழுதிக் கொடுத்தாள். அந்த அறையில் ஊழியர் ஒருத்தி சிரித்தது அதுவே முதல் முறையாக இருக்கும்.

இதில் சிரிப்பு மேடத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு பக்கமும் ஒரு நாள் என்று விதி எழுதியவர் அவர்தான். ஆனால் இத்தனை வருஷமும் அந்தக் கத்தி ஒரு பக்கமாகவே வெட்டிக்கொண்டிருந்தது. புரமோஷன் கிடைத்த ஒருத்தி அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போவாள் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? கொடுத்ததை வாங்கிக்கொண்டு கும்பிடுகிறவர்களை மட்டுமே பார்த்துப் பழகிய கண்.

அம்மா மறுபடியும் தெருவுக்கு இனிப்பு கொடுத்தாள். அதைத் தடுக்க மொளகாவுக்கு வழி தெரியவில்லை. “என் பொண்ணு இன்சார்ஜு. அவளுக்குக் கீழ நர்ஸுங்க இருக்காங்க,” என்று அம்மா வாசலில் நின்று சொல்வது உள்ளே கேட்டது. அப்பாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள்.

“அப்ப நாம அவங்க கேட்டுல பூட்டுப் போடறோம்?”

“பூட்டெல்லாம் இல்லப்பா. பூட்டத் தெறந்துக்கிட்டு வர்றேன்.”

“உங்கம்மாகிட்ட நீதான் சொல்லணும். எனக்கு தைரியம் இல்ல.”

*

இன்சார்ஜ் ஆன முதல் நாள், மூலைக் கட்டிலை நர்ஸ் மேசைக்கு எதிரே இழுத்துப் போட்டாள். கடிதம் எழுதி எழுதி நடக்காத காரியம். சக்கரத்தின் பிரேக்கை விடுவித்துத் தள்ளினால் அரை மணியில் முடிந்துவிட்டது. அந்தக் கட்டில் நகர்வதற்கு ஒரு பதவி தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். டெய்லரின் பொறுப்பை முழுக்கப் புதுசுக்கு மாற்றினாள். புதுசு ஊசி போடும்போது இவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். கை பரபரக்கும். அதனால்தான் கட்டிக்கொண்டாள்.

பிறகு ஒவ்வொரு கட்டிலாகப் போய், குனிந்து, தான் போகப்போகும் தேதியைச் சொன்னாள்.

டீச்சரம்மா முகத்தைச் சுளித்தார். “ஒரு நாள் முன்னாடி சொல்லிட்டுப் போறது முறையாம்மா? ஆஸ்பத்திரி வேல.”

“உங்ககிட்ட எப்பவோ சொல்லிட்டேனே டீச்சர். யார் கையில ஊசி ஏறுதோ அவங்களுக்கு ஒரு மாசம் முன்னாடியே தெரியணும். அது முறை. ஆள் பழகணும். அதுவும் முறை. நாற்காலியில உக்காந்திருக்கறவங்களுக்கு ஒரு நாள் போதும். அவங்களே வச்ச கணக்குதான் அது.”

டீச்சரம்மா ஊசி ஏறாத கையால் காற்றில் ஒரு டிக் அடித்தார். “சரி. பாஸ்,” என்றார்.

“எனக்கு இந்த ரகசியத்தக் காப்பாத்தறதுதான் கஷ்டம்,” என்றார் டெய்லர். “தண்ணி குடிக்காம இருன்னாகூட இருந்துடுவேன். பேசாம இருன்னா எப்படி?”

இருந்தார். ஆய்வுக் குழுவைக் கூட்டிக்கொண்டு சிரிப்பு மேடம் வந்தபோது, யாரும் கேட்காமலேயே டெய்லர் பேசினார். “இந்த சிஸ்டர் இருக்கற வரைக்கும் எங்களுக்கு என்னங்க கவல?” டீச்சரம்மா போர்வையை இழுத்து வாயை மூடிக்கொண்டார். குழுவினர் குறித்துக்கொண்டார்கள். சிரிப்பு மேடம் பெருமையோடு தலையசைத்தார். ஒரு வார்த்தை வெளியே போகவில்லை. மாடியில் யாரும் கீழே வந்து கேட்டதும் இல்லை.

*

சேர வேண்டிய தேதிக்கு இரண்டு நாள் முன்பு, காலை வேலை தொடங்குமுன் மாடிக்குப் போய்க் கடிதத்தை வைத்தாள்.

“இதென்ன?”

“நோட்டீஸ் மேடம். ஒரு நாள்.”

முதல் முறையாகச் சிரிப்பு மேடத்தின் முகத்தில் சிரிப்பே இல்லை. அந்த முகம் பார்க்கக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. களைத்த, சாதாரண முகம்.

“நீ இன்சார்ஜ்மா.”

“புரொபேஷன்ல இருக்கற இன்சார்ஜ்.”

“புரொபேஷன்ங்கறது நாங்க உன்ன சோதிச்சுப் பாக்கறதுக்கு.”

“நானும் பாத்தேன் மேடம். சரியா வரல.”

“நோயாளிங்கள நெனச்சுப் பாத்தியா? அவங்களுக்குத் தெரிஞ்சா எப்படித் தவிப்பாங்க?”

“அவங்களுக்கு ஒரு மாசமா தெரியும். டெய்லர் கையிலகூட அந்தப் பொண்ணுதான் குத்தறா. வந்து பாருங்க.”

“எங்கிட்ட யாரும் சொல்லலியே?”

“நீங்க யாரையும் கேக்கலியே.”

சிரிப்பு மேடம் கடிதத்தை ஓரமாகத் தள்ளினார். பிறகு டைப்பிஸ்டைக் கூப்பிட்டு, அவள் முன்னாலேயே சொல்ல ஆரம்பித்தார். பதவி உயர்வு பெறுகிறவர்கள் விலகினால், இனி புரொபேஷனிலும் மூன்று மாத நோட்டீஸ். நிர்வாகம் விலக்கினால், பழையபடி ஒரு நாள். டைப்பிஸ்ட் முகத்தைத் தூக்காமல் அடித்தார். மொளகா நுழைந்து வந்த வாசல், அவள் நின்றுகொண்டிருக்கும்போதே சுவராகிக்கொண்டிருந்தது. இனி வரும் எவளுக்கும் அது இல்லை. சாமர்த்தியம் என்று நினைத்திருந்தாள். ஆத்திரத்தில் அவளுக்கு இது தோன்றவே இல்லை.

“நாளைக்குச் சாயங்காலம் வா, ரிலீவிங் ஆர்டர் வாங்கிக்க.” சிரிப்பு திரும்பி வந்தது, கடைவாய் வரை. “வரும்போது இன்சார்ஜா ஒரே ஒரு கையெழுத்து பாக்கி இருக்கு.”

மறுநாள் சாயங்காலம் அது என்னவென்று தெரிந்தது. புதுசைப் பெர்மனென்ட் ஆக்குவதற்கு இன்சார்ஜின் பரிந்துரை. ஆறு மாதம் வரை காத்திருக்கப் போவதில்லை. அவளும் ஒரு நாளில் போய்விட்டால் டெய்லர் கையை யார் தொடுவது? அந்த யோசனை மாடிக்கு இப்போதுதான் வந்திருந்தது.

“நான் போடலேன்னா?”

“போடாட்டி போ. ஆனா ரெண்டு தாளும் ஒண்ணாத்தான் எம்டி டேபிளுக்குப் போகும். ஒண்ணு நின்னா இன்னொண்ணும் நிக்கும்.”

மொளகா தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். புதுசு அறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். விஷயம் அவளுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதை முகம் சொன்னது.

“அக்கா, அம்மாவுக்கு போன் பண்ணிட்டேன்.”

“இங்க பாரு. இதுல நான் கையெழுத்துப் போட்டா உனக்கும் மூணு மாசம். நாளைக்கு நல்ல எடம் வந்தா நீ போக முடியாது. நான் எப்படிப் போனேனோ அந்த வழியும் இனிமே இல்ல, என்னாலதான் அடச்சாங்க. போடாட்டி நீ புரொபேஷன்லயே இருப்ப. எப்ப வேணாலும் போலாம். எப்ப வேணாலும் அனுப்பவும் செய்வாங்க. ரெண்டையும் யோசிச்சுச் சொல்லு.”

“போடாட்டி உங்களுக்கு ஆர்டர் வராதாமே?”

“அத விடு. அது என் பாடு.”

நிஜமாகவே அதை விடத் தயாரா என்று அவளுக்கே தெரியவில்லை. புதுசு மறுத்தால் என்ன செய்வாள் என்பதை யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை. புதுசு செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எனக்கு எல்லாம் புரியுது அக்கா. ஆனா எங்க வீட்டுல இதுவரைக்கும் யாரும் பெர்மனென்ட் ஆனதில்ல. ஒரு தடவ ஆயிப் பாக்கறேனே.” நிமிர்ந்து பார்த்தாள். “உங்களுக்குக் குடுத்தப்ப நீங்க வேணாம்னு சொன்னீங்களா?”

சொல்லவில்லை. மொளகாவுக்கு ஊசி சரியான இடத்தில் ஏறியது. நன்றாகத்தான் பழக்கியிருக்கிறாள்.

தாளைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். இன்சார்ஜ் என்ற முத்திரையைக் குத்தினாள். உள்ளே கொண்டுபோய்க் கொடுத்ததும் அவள் தாள் கைக்கு வந்தது. அதிலும், மேசைமேல் இருந்த புதுசின் பெர்மனென்ட் ஆர்டரிலும் எம்டி ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்.

கீழே டெய்லர் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெஷின் ஓய்ந்திருந்தது. “போயிட்டு வா,” என்றார். அவ்வளவு குறைவாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வாசல்வரை புதுசு கூடவே வந்தாள். அம்மாவிடம் என்ன சொல்வது, எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பது என்று மொளகா யோசித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நீங்க போற எடத்துல ஆள் எடுத்தா சொல்வீங்களா?”

“இப்பத்தானடி பெர்மனென்ட் ஆன?”

“அதான் சொல்றேன். மூணு மாசம் முன்னாடியே சொல்லிடுங்க.”